மின்னஞ்சல் முகவரி எடுப்போருக்கு ஒரு தேசவழமை வழிகாட்டி

காணி வாங்கப் போகிற யாழ்ப்பாணத்தார் முதலில் கேட்பது உறுதியை. கிணறு நன்னீரா உவரா, மண் செம்பாட்டா மணலா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. யாருக்கு எத்தனை பங்கு, ஒழுங்கை எவருக்குச் சொந்தம், வடக்கு வேலி யார் அடைப்பது என்று எல்லாம் துருவித் தெளிந்த பிறகுதான் அட்வான்ஸ் கைமாறும். இவ்வளவு விபரமான சனம் மின்னஞ்சல் முகவரி எடுக்கும்போது மட்டும், “அண்ணை, பாஸ்வேட்டை நானே போட்டுவிடுறன்” என்று கொமினிக்கேசன் கடைத் தம்பி சொன்னதும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறது. அந்தக் குறையைத் தீர்க்க எழுதப்படுவதே இவ்வழிகாட்டி. இதைப் படித்து முடித்ததும் நீங்கள் எந்த முகவரியை எடுப்பது என்று தெளிவீர்கள், அல்லது எதுவும் வேண்டாம் என்று தபாற்கந்தோருக்குத் திரும்புவீர்கள். இரண்டும் எனக்குச் சம்மதம்.

சந்தையில் இரண்டு இனம் உண்டு. ஒன்று லைன்காரர் தரும் முகவரி. ரெலிக்கொம் லைனோடு கூடவந்த எஸ்எல்ரிநெற் டொட் எல்கே இதற்கு உத்தமமான உதாரணம். மற்றது எவரும் காசில்லாமல் வலையில் திறக்கக்கூடிய ஜீமெயில், யாகூ, ஹொட்மெயில் வகையறா. இரண்டிலும் கடிதம் போகும், வரும். இரண்டிலும் நீங்கள் வாங்காத லொத்தருக்குப் பரிசு விழும்.

ஒரு காலத்தில் இவற்றுக்கிடையே பெரிய வித்தியாசம் இருந்தது. லைன்காரர் முகவரிக்கு வந்த கடிதத்தை அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற செயலி கம்பனியின் சேர்வரிலிருந்து இறக்கி வீட்டுக் கொம்பியூட்டரில் வைக்கும். சேர்வரில் கிடந்ததை வழக்கமாக அழித்துவிடும். ‘பொப்’ என்று அந்த முறைக்குப் பெயர். ரெலிபோன் லைனைப் பிடித்துக்கொண்டு நிமிடக் கணக்கில் காசு கட்டிய நாட்களில் அது கெட்டித்தனம்தான்: இணைத்து, இறக்கி, துண்டித்துவிட்டு, ஆறுதலாக இருந்து வாசிக்கலாம். கொம்பியூட்டர் செத்தால் கடிதங்களும் உடன்கட்டை ஏறும் என்பது மட்டுமே குறை. கரண்ட் ஏறி இறங்கி விளையாடிய ஊரில் அது சின்னக் குறையல்ல. வலைக்கார முகவரியில் கடிதம் அங்கேயே கிடக்கும், எந்தக் கடையில் இருந்தும் திறக்கலாம். ஆனால் வாசித்து முடிக்குமட்டும் மீற்றர் ஓடும். இன்றைக்கோ லைன்காரர் முகவரியையும் பிரவுசரில் திறக்கலாம், ஜீமெயிலையும் கொம்பியூட்டருக்கு இறக்கலாம். எனவே எங்கே திறப்பது என்பதை வைத்துத் தெரிவு செய்யாதீர்கள். கேட்கவேண்டியது ஒன்றே: உறுதி யார் பெயரில்?

இதற்கு நம்மிடம் சட்டமே இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் இங்கே திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்த தேசவழமை, ஆதனங்களைப் பிரித்து வைத்திருக்கிறது. பெற்றோர் வழி வந்தது முதுசம். பெண்ணோடு வந்தது சீதனம். கலியாணத்துக்குப் பிறகு சேர்த்தது தேடிய தேட்டம். ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். இன்றும் அதன்பேரில் வழக்காடி இரண்டு தலைமுறைச் சட்டத்தரணிகள் மாடிவீடு கட்டுகிறார்கள். ஐசாக்ஸ் மின்னஞ்சலை எதிர்பார்த்திருக்க நியாயமில்லை. ஆனாலும் அவருடைய வகுப்பு கூகிளின் உதவிப் பக்கங்களைவிடத் தெளிவாக இருக்கிறது.

லைன்காரர் முகவரி முதுசம். வீட்டோடும் கம்பியோடும் வருவது. லைன் அப்பாவின் பெயரில். எனவே முகவரியும் அப்பாவின் பெயரில். மூத்தவனின் வெளிநாட்டு விண்ணப்பம், இளையவளின் பல்கலைக்கழகப் பதிவு, சித்தப்பாவின் சீனி வருத்த றிப்போட் எல்லாம் ஒரே பெட்டியில், அப்பாவின் கண்ணுக்கு முன்னால். கோயில்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் இது பொருந்தும், அவை இடம் மாறுவதில்லை என்று எழுத வந்தேன். வலிகாமம் வடக்கில் பள்ளிக்கூடங்களே இடம்பெயர்ந்து வேற்றூர்க் கொட்டில்களில் நடந்ததை நினைத்து அந்த வசனத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

லைன்காரர் முகவரிக்குத் தகுதியானவர் யார்? பிறந்த வீட்டிலேயே கண்மூடத் தீர்மானித்தவர். எந்தக் கம்பனி எவ்வளவு விலை குறைத்தாலும் திரும்பிப் பாராதவர். ஒரு மாதமும் பில் தவறவிடாதவர். வீட்டை வாடகைக்குக் கொடுக்காதவர். அந்த வீட்டைச் சீதனமாக எழுத மகள் இல்லாதவர். இந்தத் தகுதிகள் எல்லாம் பொருந்திய ஒருவர் குடாநாட்டில் இருந்தால் அவருக்கு மின்னஞ்சல் எதற்கு என்பது வேறு கேள்வி. தேடிப் போகிறவர்கள் படலையைத் தட்டினால் ஆள் நிற்பார்.

மற்றவர்கள் கொஞ்சம் வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் ஒரே இரவில் எழும்பிச் செம்மணி வழியே தென்மராட்சிக்கு நடந்தது. 2000இல் தென்மராட்சி எழும்பியது. 2006 ஓகஸ்ட்டில் முகமாலை பூட்டி ஏ9 அறுந்தது. அப்போதெல்லாம் சனம் தூக்கிக்கொண்டு ஓடியது உறுதியையும் அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும். கம்பியில் கட்டிய எதையும் ஒருவரும் தூக்கவில்லை, தூக்கவும் முடியாது. முகவரியை வீட்டுச் சுவரில் அறைந்து வைப்பது ஜெனிவாக்காரருக்குச் சரிவரலாம். நமக்குக் கையில் எடுத்துக்கொண்டு ஓடக்கூடியதுதான் முகவரி.

நீங்கள் அசையாவிட்டாலும் கம்பனி அசையும் என்பதையும் மறக்கவேண்டாம். இலங்கையின் முதல் வணிக இணையக் கம்பனியான லங்கா இன்ரநெற் 1995இல் வந்தபோது, கொழும்பில் ‘ஸ்ரீ டொட் லங்கா டொட் நெற்’ என்று விசிற்றிங் காட்டில் அச்சடிப்பது மதிப்பாக இருந்தது. இப்போது அந்த முகவரிக்கு எழுதுகிறவர் உங்களுக்குத் தெரிந்தவர்களில் யார்? வயர் இல்லாத போனை வீடுவீடாகக் கொண்டுவந்து வைத்த சன்ரெல் 2012இல் டயலொக்குக்குள் போனது. எற்றிசலாற் 2018இல் ஹச்சோடு சேர்ந்தது. எயார்ரெல் 2024இல் டயலொக்கோடு சேர்ந்தது. ரெலிக்கொம்மும் மொபிற்றலும் 2021இலிருந்து ஒரே பெயர்ப்பலகையின் கீழ். 2025இல் வந்த ஸ்ரார்லிங்க் ஆகாயத்திலிருந்து இணையம் தருகிறது, மின்னஞ்சல் முகவரி தருவதில்லை. லைன்காரருக்கே இந்தத் தொழிலில் பிடிப்பு விட்டுப்போய்விட்டது.

உலகம் முழுக்க இதே கதை. அமெரிக்காவின் வெரைசன் 2017இல் கையைக் கழுவி, வாடிக்கையாளர் முகவரிகளை ஏஓஎல்லிடம் ஒப்படைத்தது. அவுஸ்திரேலியாவின் ரிபிஜி 2023இல் தன் மின்னஞ்சல்களை இன்னொரு கம்பனிக்கு மாற்றியது: முதல் வருசம் சும்மா, பிறகு காசு. பிரித்தானியாவில் பிரிட்டிஷ் ரெலிக்கொம், லைனை விட்டுப் போனவர் பழைய முகவரியை வைத்திருக்க விரும்பினால் மாதக் கட்டணம் கேட்கும். காணியை விற்றபிறகும் கிணற்றுக்கு வாடகை கட்டுகிற மாதிரி.

இந்த இடத்தில் நம் வெளிநாட்டு உறவினர்களைப் பற்றி ஒரு சொல். லைன்காரர் முகவரியை உண்மையில் அனுபவித்தவர்கள் அவர்கள்தாம். அகதி வழக்கு முடிந்து, வீடு வாங்கி, லைன் இழுத்ததும் கம்பனி கொடுத்ததைப் பக்தியோடு வாங்கி வைத்துக்கொண்டார்கள். இருபது வருசத்துக்கு முந்திய கலியாண அழைப்பிதழ்ப் பட்டியல் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஆள் எந்த நாட்டில் இறங்கினார் என்று முகவரியின் வாலே சொல்லும். புளூவின் டொட் சிஎச் என்றால் சுவிஸ். ஒன்லைன் டொட் என்ஓ என்றால் நோர்வே. ரி-ஒன்லைன் டொட் டிஈ என்றால் ஜேர்மனி. சிம்பற்றிக்கோ, றொஜேர்ஸ் என்றால் கனடா. அதிலும் எந்தக் கம்பனி என்பதை வைத்துச் சகோதரர்கள் ஏன் கதைப்பதில்லை என்பதைக்கூடச் சிலர் ஊகிப்பார்கள். வனடூ டொட் எவ்ஆர் என்றால் பாரிஸ். வனடூ என்ற பெயர் 2006இல் ஒரேஞ் ஆகிவிட்டது. லாச்சப்பல் பெரியப்பா இன்னும் வனடூதான். அவரிடம் மாற்றச் சொல்லிப் பாருங்கள். “ஏன் தம்பி, கடிதம் வருதுதானே?” என்பார். வருகிறதுதான். அவர் திறப்பதில்லை.

இனி மற்ற இனத்துக்கு வருவோம். வலைக்கார முகவரி பிறந்ததே அந்தக் கம்பியை அறுக்கத்தான். சபீர் பாட்டியாவும் ஜக் ஸ்மித்தும் ஹொட்மெயிலை 1996 யூலை 4ஆம் திகதி, அமெரிக்கச் சுதந்திர தினத்தில், வேண்டுமென்றே திறந்தார்கள்: லைன்காரரிடமிருந்து விடுதலை என்பது கருத்து. ஆளுக்குக் கொடுத்த இடம் 2 மெகாபைற். வட்ஸ்அப்பில் மாமி அனுப்பும் வெள்ளிக்கிழமை நல்லூர்க் கந்தன் படங்கள் நாலைந்து வந்தாலே அது நிரம்பும். கூகிள் 2004 ஏப்ரல் 1இல் ஜீமெயிலை 1 ஜிகாபைற்றோடு அறிவித்தபோது முட்டாள்கள் தினப் பகிடி என்று பலர் நம்பவில்லை.

நமக்கு இணையம் பரவலாக வந்து சேர்ந்தது அந்த இரண்டு திகதிகளுக்கும் நடுவில். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம், ஏப்ரலில் ஏ9 திறப்பு, பின்னாலேயே நகரத்திலும் நெல்லியடியிலும் சாவகச்சேரியிலும் நெற்கபேக்கள். வீட்டில் லைன் இல்லாத சனத்துக்கு லைன்காரர் முகவரி எங்கே கிடைக்கும்? யாகூவும் ஹொட்மெயிலும்தான் கதி. பாமினி எழுத்துருவில் தட்டிய கடிதம் மறுமுனையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் திறந்தது, அந்தப் பக்கம் பாமினி இருந்தால் அதை எடுத்து ஒட்டித் தமிழாக்கி வாசித்தார்கள், இல்லாவிட்டால் கோல் எடுத்து “என்னடா எழுதினனீ?” என்று கேட்டார்கள். முகவரிக்குப் பெயர் வைத்தது பெரும்பாலும் பக்கத்துக் கதிரையில் இருந்த நண்பன். இதிலிருந்து பிறக்கும் விதி: பத்தொன்பது வயதில் ‘லவ்லி’, ‘ஸ்வீற்’, ‘கூல்’ என்று ஆரம்பிக்கும் முகவரி எடுக்காதீர்கள், நாற்பது வயதில் அதைக் கிராம சேவகருக்கு எழுத்தெழுத்தாகச் சொல்லவேண்டி வரும். ‘ரைகர்’ என்று முடிவதை எந்தத் தூதரகத்துக்கும் அனுப்பாதீர்கள், நீங்கள் கிரிக்கெட் கழகத்தைத்தான் நினைத்தீர்கள் என்றாலும்.

வலைக்கார முகவரி தேடிய தேட்டம். நீங்களே தேடியது. கூகிள் தந்தது என்றாலும் லைன் மாறினால் போகாது, வீடு மாறினால் போகாது. கட்டுநாயக்காவில் விமானம் ஏறினாலும் கூடவே வரும். ஆனால் தேடிய தேட்டத்தில் பாதி துணைக்கு என்று தேசவழமை சொல்கிறது. அதைச் சில தம்பதியர் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்து, இருவர் பெயரையும் ஒட்டி ஒரே முகவரி வைத்துக்கொள்கிறார்கள். வேலைக்கு விண்ணப்பித்த மனைவிக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதத்தைக் கணவன் வாசித்து, பால்மா விளம்பரம் என்று நினைத்து அழிப்பது இந்த ஏற்பாட்டின் இயல்பான பலன். ஆளுக்கொன்று எடுங்கள். சும்மாதானே தருகிறார்கள்.

ஆட்சியுரிமையையும் கவனிக்கவேண்டும். ஒருவர் காணியில் இன்னொருவர் பத்து வருசம் தடையில்லாமல் இருந்துவிட்டால் உரிமை கோரலாம் என்று 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் சொல்கிறது. போரால் சொந்தக் காணிக்குப் போகமுடியாமல் கிடந்தவர்களுக்காக 2016இல் பாராளுமன்றம் ஒரு விசேட சட்டம் கொண்டுவந்தது: 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அவர்களுக்கு எதிராகக் கணக்கெடுக்கக் கூடாது என்று. கூகிளிடம் இந்த இரக்கம் இல்லை. இரண்டு வருசம் எட்டிப் பார்க்காத கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து அழிக்கத் தொடங்கிவிட்டது. யாகூ பன்னிரண்டு மாதத்திலேயே பெட்டியைக் காலியாக்கும். தெல்லிப்பழைக் காணிக்கு இருபது வருசம் கழித்துத் திரும்பியவர்கள் பற்றைக்குள் வீட்டின் அத்திவாரத்தையாவது கண்டார்கள். யாகூவில் அத்திவாரம் கிடையாது. பொங்கலுக்கு ஒருதரமாவது உள்ளே போய் வாருங்கள்.

கடைசியாக, எல்லோரும் தவறவிடும் பத்தி. ஜீமெயில் உங்கள் பெயரில் இருப்பதால் உறுதியும் உங்கள் பெயரில் என்று நினைக்கிறீர்கள். இல்லை. உறுதி சிம்மில் இருக்கிறது. பாஸ்வேட் மறந்தால் கூகிள் ஒரு போன் நம்பருக்கு இலக்கம் அனுப்பும். அந்த நம்பர் யாருடையதோ அவரே காணிக்காரர். குடாநாட்டில் அந்த நம்பர் பெரும்பாலும் கணக்கைத் திறந்து கொடுத்த மருமகனுடையது. அவர் இப்போது லண்டனில் இருக்கிறார், அந்தச் சிம்மைக் கட்டுநாயக்காவில் வைத்தே கழற்றி எறிந்துவிட்டார். பாவிக்காத நம்பரைக் கம்பனி வேறொருவருக்குக் கொடுக்கும். ஆக உங்கள் முகவரியின் சாவி இந்த நேரம் மாத்தறையில் ஒரு முச்சக்கரவண்டிச் சாரதியின் சட்டைப்பைக்குள் இருக்கலாம். அவருக்கும் தெரியாது.

எனவே சொல்வதைச் செய்யுங்கள், இது பகிடியில்லை. மீட்பு நம்பராக இன்று உங்கள் கையில் இருக்கும் நம்பரைப் போடுங்கள். கூகிள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கினால், போன் இல்லாதபோது நுழைய எட்டு இலக்கக் குறியீடுகள் பத்துத் தரும். அவற்றை அச்சடித்துக் காணி உறுதி வைக்கும் பெட்டிக்குள் வையுங்கள். வாங்கிலும் வட்ஸ்அப் குழுவிலும் வைக்காதீர்கள். பிறந்த திகதியை அடையாள அட்டையில் உள்ளபடி போடுங்கள். வயதைக் குறைத்துப் போட்டுவிட்டு, பிறகு எந்த வருசம் குறைத்தோம் என்று மறந்து தவிப்பவர்கள் எண்ணிக்கையில் அதிகம், அதில் ஆண்கள் குறைவில்லை.

அரசாங்கம் தரும் முகவரி பத்திரமானது என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு குறிப்பு. 2023இல் அரச மின்னஞ்சல்களில் கப்பம் கேட்கும் வைரஸ் புகுந்து, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் அழிந்தன. சுமார் 5000 முகவரிகள், அமைச்சரவை அலுவலகத்தினது உட்பட. ஓடிக்கொண்டிருந்தது காலாவதியான 2013ஆம் ஆண்டுச் செயலி. அந்த மாதங்களுக்கான பிரதியை வேறெங்கும் எடுத்து வைக்கவில்லை. பெயர்ப்பலகையில் ஜீமெயில் முகவரி எழுதியிருக்கும் கந்தோர்களைப் பார்த்து நாம் சிரித்ததுண்டு. அந்த ஓகஸ்ட்டில் சிரித்தது அவர்கள். அதற்காக வலைக்காரர் எல்லாம் கோட்டை என்று எடுத்துவிடவும் வேண்டாம். 2013இல் யாகூவில் திருட்டுப்போனது 300 கோடிக் கணக்குகளின் விபரம். அவர்களிடம் இருந்தது அவ்வளவும்தான்.

பின்னுரித்துக்கு வருகிறேன். லைன்காரர் முகவரி முதுசம் என்றேன். அப்பா போனபின் லைனைப் பெயர் மாற்றுவார்கள், அல்லது வெட்டுவார்கள். வெட்டினால் வங்கி, காப்புறுதி, ஓய்வூதியம் எல்லாம் அந்த முகவரிக்கே எழுதிக்கொண்டிருக்கும், பதில் இல்லாமல். வெட்டமுன் எந்தெந்த இடத்தில் அந்த முகவரி கொடுத்திருக்கிறது என்று பட்டியல் எடுத்து மாற்றுங்கள். செத்தவீட்டு அலுவலில் எட்டுச் செலவுக்கு அடுத்தபடியாக இதை வைக்கலாம். ஜீமெயிலில் உயில் எழுதும் வசதியே உண்டு. இன்அக்ரிவ் அக்கவுண்ட் மனேஜர் என்று பெயர். இத்தனை மாதம் நான் தலைகாட்டாவிட்டால் இன்னாருக்கு என் பெட்டியைத் திறந்து விடு என்று பத்துப் பேர் வரை குறிக்கலாம். மூன்று மாதம் என்று குறைத்து வைக்காதீர்கள். மகளின் பிள்ளைப்பேறு பார்க்கக் கனடா போய், குளிரில் ஆறு மாதம் படுத்துவிட்டு வருவதற்குள் உங்கள் கடிதங்கள் மருமக்கள் மத்தியில் பங்கு பிரிக்கப்பட்டிருக்கும்.

வசதி உள்ளவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்றிருக்கிறது: குடும்பப் பெயரில் சொந்த டொமைன். எல்கே டொமைன் பதிவகத்தில் எடுக்கலாம். டொட் இலங்கை என்று தமிழிலேயே முடிவதும் 2010இலிருந்து உண்டு, ஆனால் அப்படியொரு முகவரியைப் பல விண்ணப்பப் படிவங்கள் இன்னும் பிழை என்று சிவப்புக் கோடு போடும். லைன்காரரும் வேண்டாம், வலைக்காரர் மாறினால் பெட்டியை வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம், முகவரி உங்களுடையதாகவே இருக்கும். என் மனதுக்குப் பிடித்தது இதுதான், பரிந்துரைக்கப் பயமாக இருப்பதும் இதுதான். டொமைனுக்கு வருசாவருசம் காசு கட்டவேண்டும். குடும்ப டொமைன் என்பது பங்குக் கிணறு: தண்ணி அள்ளும்போது எட்டில் ஒரு பங்கை அங்குலம் பிசகாமல் சொல்லும் அத்தனை பேரும், கிணறு இறைத்துத் தூர் அள்ளும் கூலி என்றதும் ஊரில் இருக்கமாட்டார்கள். ஒரு வருசம் கட்டத் தவறினால் வேறு யாராவது வாங்கி அதில் சூதாட்டக் கடை திறப்பார்கள், உங்கள் பேரனாரின் பெயரில். ஸ்காபரோ அண்ணை கட்டுவார் என்று வைத்துக்கொண்டால், அதை அவருடைய றொஜேர்ஸ் முகவரிக்கு எழுதிக் கேட்காதீர்கள். அவர் பெல்லுக்கு மாறி எத்தனையோ வருசம். வட்ஸ்அப்பில் கோல் எடுங்கள், அங்கே விடிந்துவிட்டதா என்று பார்த்து.